சண்டை போட ஓர் இடம்

போன வாரம் முத்தாண்டிக்குப்பம் போயிருந்தேன். என் கொழுந்தன் மணியும் அவன் மனைவி சுகன்யாவும் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. என் சின்னவள் நிவி அந்த வயதில் போட்ட கவுன்கள் பரணில் சும்மா கிடந்தன. துவைத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கேட்டில் கை வைக்கிறேன்... உள்ளே சண்டை.

முணுமுணுப்புச் சண்டை இல்லை. தெருவுக்கே கேட்கிறது. மோட்டாரை அணைக்க மணி மறந்துவிட்டான் போலிருக்கிறது. டேங்க் நிறைந்து வழிந்து, மாடியில் காயப்போட்ட வடகமெல்லாம் கூழாகிவிட்டது. "ஒருவாட்டி சொன்னா காதுல வுழாதா? போனையே பாத்துகினு ஒக்காந்தா எப்படி?" — இது சுகன்யா. மணியும் லேசில் விடுகிற ஆள் இல்லை. நீ மட்டும் என்னவாம் என்று ஆரம்பித்து, போன பொங்கலுக்கு அவள் தம்பி வந்தபோது நடந்ததுவரை இழுத்துக்கொண்டு போனான். நடுவில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, வைத்த வேகமா... சொல்லத் தெரியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்கு மூத்தவளாய் லட்சணமாக உள்ளே போய் இரண்டு பேரையும் அடக்கியிருக்க வேண்டும். அல்லது சத்தமில்லாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. வேப்பமர நிழலில் நின்று கடைசிவரை கேட்டேன். மனசு அப்படியே நிறைந்துபோனது. எதிர்வீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சண்டையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்?

ஓய்ந்த பிறகு கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். சுகன்யா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்த வெயிலிலா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி மணியை மோர் எடுத்து வரச் சொன்னாள். அவனும் கொண்டுவந்தான்.

ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு மனப்பாடம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலி நகரியத்தில் முதல் மாடி குவார்ட்டர்ஸ். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், பின்னால் பாத்ரூம், துணி காயப்போட ஒரு துண்டு பால்கனி. பெட்ரூமிலிருந்து கிச்சனுக்கோ பாத்ரூமுக்கோ போக வேண்டுமானால் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து படுப்பார். அந்த வாரம் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். குக்கர் விசில் அடித்தால்கூடக் குற்றவாளி மாதிரி ஓடிப்போய் அணைப்பேன். நான் காலையில் நர்சரி ஸ்கூல் டீச்சர். மத்தியானத்துக்கு மேல் இந்தப் பத்தி. எழுதுவது எங்கே என்றால், வாஷிங் மெஷின் மேல். நல்ல உயரம். ஓடும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் ஆடும்.

மணி கல்யாணத்தின்போது மூத்தவள் இனியா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நிவிக்கு இரண்டு வயது. இவர்களோடு மணியும் இருந்தான். மாமனார் மாமியார் போன பிறகு கோவில்பட்டியிலிருந்து அண்ணனிடம் வந்தவன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு பெர்மனன்ட் ஆகிவிடும், நாளைக்கு ஆகிவிடும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பெர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. அதை நம்பித்தான் திருவதிகையில் சுகன்யாவைப் பேசி முடித்தோம். அதுவரைக்கும் வெளியே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மணி வேலை பார்த்த கான்ட்ராக்ட் கைமாறிவிட்டது. புதிதாக எடுத்தவர் பழைய ஆட்களை எப்போது கூப்பிடுவார் என்று தெரியவில்லை. வாடகை வீட்டுப் பேச்சு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர்தான் சொன்னார், ஒரு ரெண்டு மாசம் நம்மகூட இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று. நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலம் பெண் அழைத்து வந்தோம். கூடவே ஒரு மினி லாரியில் சீர்வரிசை. சுகன்யாவின் அப்பா பலாக்காய் வியாபாரி. ஒரே பெண். தேக்குக் கட்டில் செய்து கொடுத்திருந்தார். தலைமாட்டில் கண்ணாடி பதித்து, இரண்டு பக்கமும் மயில் செதுக்கி... கட்டிலைப் பார்த்ததும் கீழ்வீட்டு நஸீமா அக்கா வெளியே வந்துவிட்டார். படியில் திருப்ப முடியவில்லை. காலைக் கழற்றி, கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, நாலு பேர் மூச்சு வாங்க மேலே ஏற்றினார்கள். பீரோ ஹாலில் டிவிக்கு எதிரே நின்றது. டிவி பார்க்க வேண்டுமென்றால் பீரோவின் மேல் சாய்ந்துகொண்டுதான் பார்க்க வேண்டும்.

கட்டிலை அறைக்குள் கோத்து நிமிர்த்திய பிறகுதான் ஒன்று தெரிந்தது. கதவைச் சாத்த முடியவில்லை. கட்டிலின் கால்மாடு கதவில் இடித்தது. தள்ளிப்பார்த்தார்கள், திருப்பிப்பார்த்தார்கள். ஒரு கை நுழைகிற இடைவெளி கடைசிவரை நின்றது.

சுகன்யாவின் அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக் கட்டில் பெரிசு என்று எப்படிச் சொல்வது? ஒரு திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம் என்றேன். நல்ல பூப்போட்ட திரை ஒன்று மாட்டினேன்.

புதுப்பெண்டாட்டி புதுமாப்பிள்ளைக்கு, சாத்தாத கதவு. இதுதான் நாங்கள் கொடுத்த அறை.

நாங்கள் நாலு பேரும் ஹாலுக்கு வந்தோம். வரிசையாகப் பாய். இனியா சுவர் ஓரம், அடுத்து நான், நிவி, அவர். வீட்டைச் சமாளிப்பதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு என்று நானே நினைத்துக்கொள்வேன். பள்ளிப் புத்தகங்களை ஷூ ஸ்டாண்டில் அடுக்கினேன். பாய், தலையணையெல்லாம் பகலில் பீரோ மேல் ஏறிவிடும். பால்கனியில் கயிறு கட்டி அரிசி மூட்டையைக்கூட மாட்டிவிட்டேன். சாமான்களுக்கு இடம் கண்டுபிடித்துவிட்டேன்.

மனிதர்களுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

சுகன்யா நல்ல பெண். அதிர்ந்து பேச மாட்டாள். வந்த முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன். எதற்கும் சரிக்கா, ஆட்டும்க்கா. ஒருநாள் அவள் கிச்சனில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மணி ஹாலில் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் கையிலும் போன். திடீரென்று அவள் சிரித்தாள், அதே நேரத்தில் இவனும் சிரித்தான். அப்போதுதான் புரிந்தது... ஒரே வீட்டுக்குள், சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி இருந்தது.

எங்கள் கதை மட்டும் என்ன? ஷிப்ட் குடும்பத்தில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற நேரமே கொஞ்சம். நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார். நான் சாப்பிட உட்காரும்போது அவர் கிளம்புவார். அந்த அறை கையில் இருந்தவரை கதவைச் சாத்திக்கொண்டு கால்மணி நேரம் பேசுவோம். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. இனியா கணக்கில் வாங்கிய மார்க், ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன ஒரு வார்த்தை, அவருக்கு முதுகு வலி. அறை போன பிறகு அந்தக் கால்மணி நேரமும் போய்விட்டது. சரி, வண்டியில் போகும்போது பேசலாம் என்று பார்த்தேன். பால் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். வண்டிச் சத்தம் கேட்டதும் நிவி ஓடிவந்து முன்னால் ஏறி நின்றுகொள்வாள். அந்த வழியில் எத்தனை நாய் படுத்திருக்கிறது என்பதை அவள் சொல்லிக்கொண்டே வருவாள். நாங்கள் கேட்டுக்கொண்டே வருவோம்.

அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று சேர்த்துவைத்தேன்.

ரெண்டு மாதம் என்றது நீண்டுகொண்டே போனது. மணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் வீடு பார்க்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. ஆடி வந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வழக்கம்தான்.

ஆடி முடிந்தது. சுகன்யா வரவில்லை.

மணி போன் செய்தால், வரேன் என்பாளாம். என்றைக்கு என்று கேட்டால் பேச்சு இருக்காதாம். ஆவணி பாதி போய்விட்டது. மணி சரியாகச் சாப்பிடவில்லை. வேலை முடிந்து வந்தால் அந்தக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வான். திரைக்கு இடையில் அவன் பாதம் மட்டும் தெரியும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "மதினி, நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாறீங்களா? நான் போனா பேச மாட்டேங்கா."

போனேன்.

பண்ருட்டியில் இறங்கி, திருவதிகைக்கு ஷேர் ஆட்டோ. சுகன்யாவின் அம்மா காபி கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. சுகன்யாதான், கோயில் வரைக்கும் போய்ட்டு வரலாமாக்கா என்றாள். சாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தோம்.

வழியெல்லாம் ஒரே யோசனை எனக்கு. நான் ஏதாவது சொல்லிவிட்டேனோ? குழம்பில் உப்பு அதிகம் என்றேனே, அதுவா? பிள்ளைகள் தொந்தரவா? மணி கையை நீட்டினானோ? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லைக்கா, இல்லைக்கா.

அப்புறம் எதுக்கும்மா வரமாட்டேங்கற?

விரலால் தரையைக் கீறினாள். பிறகு சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"தனி வூடுன்னு சொன்னாருக்கா. கல்யாணத்துக்கு மொத நாள்கூட போன்ல சொன்னாரு. வண்டி உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னப்புறம்தான் எனக்கே தெரியும். அன்னிக்கே அவர ரெண்டு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சி போயிருக்கும். எங்க கேக்கறது? கதவும் சாத்த முடியாது. கொரல ஒசத்துனா பாப்பா எழுந்துக்கும். அழுதா மாமா காதுல வுழும். சரி நாளைக்கு, நாளைக்குன்னு மனசுலயே வெச்சிகினு இருந்தேன். இப்ப அவரப் பாத்தாலே பேச்சு வரமாட்டங்குது. உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லக்கா. நீங்க எல்லாம் நல்லா வெச்சிகினு இருந்தீங்க. கோவப்படத்தான் எடம் இல்ல."

நான் விபூதிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் புகாராகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். மாமாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் பகலில் ஹாலில் படுத்திருப்பார். நான் ஸ்கூலில் இருப்பேன், மணி வேலையில். புருஷனுக்கு அண்ணன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவரைத் தாண்டிப் பாத்ரூமுக்குப் போக அவளுக்குக் கூச்சம். அதனால் அந்த வாரமெல்லாம் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டாளாம். தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை அல்லவா?

நான் ஒரு மணிக்கு ஸ்கூலிலிருந்து வருவேன். வந்ததும் அவள் அறையைவிட்டு எழுந்து வருவாள். என்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முந்திரித் தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு இடம் இருக்கிறது இந்த ஊரில் என்று தோன்றியது. மைன்ஸ் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டினமட்டும் தோண்டிப்போட்ட நிலம். இவ்வளவு இடத்தில் இரண்டு பேர் நின்று கத்திக்கொள்ள ஒரு பத்தடிக்குப் பத்தடி இல்லாமல் போய்விட்டதே.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தண்ணீர் குடிக்காத விஷயத்தைச் சொன்னபோது அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர், நாம என்ன செய்யணும், சொல்லு என்றார். உடனே வீடு பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் வெளியே போகலாம் இல்லையா?

சுகன்யாவுக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். "வந்து நல்லா சண்ட போடு. நாங்க யாரும் இருக்க மாட்டோம்." மெதுவாக, நெசமாவாக்கா என்றாள்.

ஞாயிறு மத்தியானம் மணி போய் அழைத்து வந்தான். அவளுக்குக் காபி கொடுத்தேன். பிறகு புளியோதரையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நாங்கள் நாலு பேரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். இனியா மட்டும் படியில் நின்று கேட்டாள், சித்தியும் சித்தப்பாவும் வரலையா என்று. அவங்களுக்கு வேலை இருக்கு என்றேன். என்ன வேலை? அவளுக்கு எதையும் பாதியில் விட்டால் பிடிக்காது. அவள் அப்பா சொன்னார், சண்டை போடற வேலை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப நாம லேட்டா வரலாம் என்றாள்.

பூங்காவுக்குப் போனோம். நிவி சறுக்கு மரத்தில் ஏறி ஏறி இறங்கினாள். புளியோதரை சாப்பிட்டோம். இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தார். சேர்ந்து வாழ வேண்டுமே என்று எனக்குப் பயம். கத்திப் பேசி, வார்த்தை முற்றி, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? அதற்கும் நான்தானே இடம் கொடுத்தேன்?

திரும்பி வந்து வண்டியை நிறுத்துகிறோம். கீழ்வீட்டு நஸீமா அக்கா வாசலிலேயே நிற்கிறார். அவர் கணவரும் என் வீட்டுக்காரரும் ஒரே செக்ஷன். எங்கள் வீட்டில் ஸ்பூன் விழுந்தாலும் அவருக்குக் கேட்கும். கையை நீட்டி வழிமறித்தார்.

"இன்னும் முடியல மாலதி. இப்பதான் அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சிருக்கு. வா, டீ போடறேன்."

நஸீமா அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து டீ குடித்தோம். தலைக்கு மேலே என் வீடு. சுகன்யாவின் குரல் கூரை வழியாக இறங்கி வருகிறது. வார்த்தை புரியவில்லை, வேகம் புரிகிறது. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு மணியின் குரல். பிறகு அழுகை. அது யாருடையது என்று சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேருடையதாகவும் இருக்கலாம். நஸீமா அக்கா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். இன்னொரு தட்டில் பிஸ்கட் வந்தது. பேச்சு மெல்லத் தணிந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் தட், தட் என்று ஒரு சத்தம். சுத்தியல்.

என் வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஹால் முழுக்க கட்டில். பலகை பலகையாக, கண்ணாடி தனியாக, மயில் தனியாக. மணி கையில் சுத்தியல். சுகன்யா திருகாணிகளை ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அப்பா கொடுத்ததாச்சே என்று நான் ஆரம்பித்தேன். அவர் கிட்ட நான் சொல்லிக்கறேன்க்கா, தனி வூடு போறப்ப எடுத்துகினு போறோம் என்றாள்.

அறைக்குள் தரையில் மெத்தையை விரித்திருந்தார்கள். சுகன்யா உள்ளே போனாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். கதவைத் தள்ளினாள்.

சாத்திக்கொண்டது.

பலகைகளை நஸீமா அக்கா வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் நாங்கள் வெளியே போவது வழக்கமாகிவிட்டது. எல்லா வாரமும் அவர்கள் சண்டை போடவில்லை என்று நஸீமா அக்கா சொல்வார். சில வாரம் பாட்டுக் கேட்குமாம். ஒரு வாரம் சுகன்யா சிரித்த சிரிப்பில் நஸீமா அக்கா வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டதாம். நைட் ஷிப்ட் வாரங்களில் என் வீட்டுக்காரர் பகல் தூக்கத்தை நஸீமா அக்கா வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். அந்த வீட்டுக்காரரும் இவரும் பக்கத்துப் பக்கத்தில் குறட்டை விடுவார்கள்.

அடுத்த தையில் முத்தாண்டிக்குப்பத்தில் வீடு அமைந்தது. சுகன்யா முழுகாமல் இருந்தாள். கட்டில் மினி லாரியில் ஏறியது. பெர்மனன்ட்? அது இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

எங்களுக்கு அறை திரும்பக் கிடைத்தது.

அவர்கள் போன மறுவாரம். பிள்ளைகள் ஸ்கூலில். எனக்கு லீவு, அவருக்கு ஆஃப். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். காலி அறையில் பேச்சு கொஞ்சம் எதிரொலித்தது. என்னவோ சொல்லணும் சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தியே, என்ன அது என்று கேட்டார்.

யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மாதக்கணக்காகச் சேர்த்துவைத்தது. அவருக்காக வைத்திருந்த அந்தச் சின்னச் சின்னப் பேச்செல்லாம் எங்கேயோ உலர்ந்துபோயிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அன்றைக்கு என்ன சொன்னார்? எதற்கு நான் அழுதேன்? போய்விட்டது.

எனக்கு ஞாபகம் இல்ல, நீங்க ஏதாவது சொல்லுங்க என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "சொல்லிரலாம். நைட் ஷிப்ட்ல ஒருநாள் கரி ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். கண்ணக் கட்டிருச்சு. பகல்ல ஹால்ல சரியா தூக்கம் கெடயாதுல்ல... நின்னாக்கிலயே தூங்கிட்டேன் போலருக்கு. கூட இருந்தவன் சட்டையப் புடிச்சு இழுத்தான். இல்லன்னா விழுந்திருப்பேன். அன்னைக்கு வந்ததும் ஒன்கிட்ட சொல்லணும்னு பாத்தேன். பிள்ளைங்க முழிச்சிருந்துச்சு. அப்புறம் சொல்லவே முடியல."

வெளியே மகாகோனி மரத்தில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. நான் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வரிசையாகப் பாய் போட்டுத்தான் அத்தனை மாதமும் படுத்திருந்தேன். இடையில் நிவி ஒருத்திதான். அந்தத் தூரத்தைத் தாண்டி அந்த ஒரு வார்த்தை வந்துசேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு நிறையப் பேசினோம். அவர் பிறகு தூங்கினார். பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அந்த அறை எங்களிடம் ரொம்ப நாள் இருந்தது என்று எழுத ஆசைதான். இனியா ப்ளஸ் டூ வந்துவிட்டாள். போன ஜூன் மாதம் ஒருநாள் மூன்று பேரையும் உட்காரவைத்து, தனக்கு ஏன் ஒரு அறை வேண்டும் என்று பாயின்ட் பாயின்டாகச் சொன்னாள். படிப்பு ஒரு காரணம்தான். மற்ற காரணங்களை அவள் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பெண் சொல்ல வேண்டுமா என்ன? நானும் அந்த வயதில் ஒரு கதவுக்கு ஏங்கியவள்தான். அவள் அப்பா தன் சட்டைகளை எடுத்து ஹால் அலமாரியில் வைத்தார்.

இப்போது அந்த அறைக்கும் ஷிப்ட் போட்டாயிற்று. இனியா ஸ்கூலுக்குப் போனதும் அவருக்கு. அவள் வந்ததும் அவளுக்கு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நிவிக்கு. பொம்மைகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருப்பாள். யாரை என்று நாங்கள் கேட்பதில்லை.

குடும்பம் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஃப்ளாட் அதே அளவுதான், என்ன செய்யலாம் என்று சில வாசகிகள் கேட்டு எழுதுகிறீர்கள். மடக்குகிற மேஜை, அடியில் டிராயர் வைத்த கட்டில், கதவுக்குப் பின்னால் ஹூக்... உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். செய்தும் பார்த்தாயிற்று. நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம், வீட்டில் யாராவது ஒருவருக்கு வீட்டை முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். சண்டை போடலாம், அழலாம், பாடலாம், சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரலாம். அது அவர்கள் பாடு.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

இந்த வாரப் பத்தியையாவது எங்கள் வீட்டில் யாராவது படித்தால் தேவலை.